என்ஹெச்எல் ஜெனரல் மேனேஜர்கள் வழுக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜிஎம். யாரை வாங்குவது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம், கோச் யார், டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எந்தப் பதினெட்டு வயதுப் பையன் என்பதெல்லாம் அவர் தலையில். மேலே முதலாளி, கீழே கோச், சுற்றிலும் ரசிகர்களும் நிருபர்களும். டொரான்டோ, மான்ட்ரியால் மாதிரி ஊர்களில் டீக்கடை அளவுக்குப் போய்விடுகிறது அந்தப் பேச்சு.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் முதலிலேயே தெரிய வேண்டும். 2025 மெகா ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய் கொடுத்து, பழைய அணியைக் கலைத்துப் போட்டு ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கவிட்டார்கள். என்ஹெச்எல்லில் கலைத்துப் போடும் நாள் வருவதே இல்லை. போட்ட ஒப்பந்தம் போட்டதுதான். வீரர் சரியாக ஆடாவிட்டாலும் பணம் போய்க்கொண்டிருக்கும், அவருடைய சராசரி ஆண்டுச் சம்பளம் அணியின் சம்பள வரம்பில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த வரம்பு 2005-06ல் 3.9 கோடி டாலரில் தொடங்கி, 2025-26ல் 9.55 கோடி டாலருக்கு வந்திருக்கிறது. பணக்கார முதலாளி அபராதம் கட்டிவிட்டுத் தாண்டிப் போக முடியாது. இதற்குள் அதிகபட்சம் 23 பேர் கொண்ட அணி, கையில் மொத்தம் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் கூடாது.

ஒப்பந்தத்தின் நீளம்தான் விஷயம். 2013 முதல் சொந்த வீரருக்கு 8 வருஷம், வெளியிலிருந்து வருபவருக்கு 7 வருஷம் வரை கொடுக்கலாம் என்றிருந்தது. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய உடன்பாட்டில் அது 7, 6 என்று குறைகிறது. ஜிஎம் நாற்காலியில் அத்தனை வருஷம் நிலைப்பவர்கள் குறைவு. வேலை போய்விடும் என்ற பயத்தில் இருப்பவர் கையில் எட்டு வருஷக் கடன் பத்திரம் எழுதும் பேனா இருக்கிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையில் பிறந்தவை.

முதலாளி ஏன் பொறுமை இழக்கிறார் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வீரர்களின் சம்பளம் 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசனோடு முடிந்துவிடுகிறது. பிளேஆஃபில் அணி சம்பளம் தருவதில்லை, லீகின் நிதியிலிருந்து ஒரு தொகை போகும், அவ்வளவுதான். ஆகவே சொந்த ஊரில் நடக்கும் ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தின் டிக்கெட் வசூலிலும் லாபப் பங்கு மிக அதிகம். "இந்த வருஷம் எப்படியாவது உள்ளே நுழை" என்று மேலிருந்து வரும் போனுக்குப் பின்னால் இருப்பது கோப்பை ஆசை மட்டுமல்ல.

ஜூலை 1 மதியம் பணத்தை இறைப்பது

ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் கிழக்கு நேரப்படி மதியம் 12 மணிக்குச் சந்தை திறக்கிறது. 27 வயது தாண்டியவர்கள் அல்லது 7 சீசன் முடித்தவர்கள், ஒப்பந்தம் தீர்ந்திருந்தால், எந்த அணிக்கும் போகலாம். ஃபார்வர்டுகள் அதிகமாகக் கோல் அடிக்கும் வயது இருபதுகளின் நடுப்பகுதி. அதாவது சந்தைக்கு வரும்போதே பலருக்கு உச்சம் முடிந்துபோயிருக்கும். ஜிஎம் விலை கொடுப்பது நேற்றைய கோல்களுக்கு.

டேவிட் கிளார்க்சன் கதை இதற்குப் பாடப்புத்தகம். 2011-12ல் நியூ ஜெர்சிக்காக 30 கோல் அடித்தார். அதற்கு முன் ஒரு சீசனில் அவர் அடித்த அதிகபட்சம் 17. 2013 ஜூலையில் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவருக்கு 7 வருஷம், ஆண்டுக்கு 52.5 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் சீசனில் 60 ஆட்டத்தில் 5 கோல். ஒரு தொகையைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிடலாம், அதாவது பைஅவுட் செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சம்பளத்தின் பெரும்பகுதி கையெழுத்து போனஸாக எழுதப்பட்டிருந்தது, பைஅவுட் செய்தாலும் போனஸ் ஒரு காசு குறையாது.

அந்தக் காகிதம் அதன்பின் போன ஊர்கள்: 2015 பிப்ரவரியில் கொலம்பஸ். மாற்றாக வந்தவர் முதுகுக் காயத்தால் ஆடவே முடியாத நேதன் ஹார்ட்டன். அவர் ஒப்பந்தத்துக்குக் காப்பீடு இல்லை, சிறிய சந்தையான கொலம்பஸால் ஆடாதவருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, டொரான்டோவால் முடிந்தது. 2017ல் வேகஸ். கிளார்க்சனைத் தலையிலிருந்து இறக்கவும், வேறு வீரர்களை விரிவாக்க டிராஃப்டிலிருந்து (புதிய அணி, மற்ற அணிகள் பாதுகாக்காத வீரர்களை எடுத்துக்கொள்ளும் நிகழ்விலிருந்து) காப்பாற்றவும் கொலம்பஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வு, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே வில்லியம் கார்ல்சனையும் விட்டுக்கொடுத்தது. கார்ல்சன் முதல் சீசனிலேயே 43 கோல் அடித்தார். 2019ல் அதே ஒப்பந்தம் மறுபடி டொரான்டோவுக்கே வந்தது, நீண்டகாலக் காயப் பட்டியல் கணக்குக்கு உதவும் என்பதற்காக (அந்தப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்தைக் காட்டி அணி வரம்பைத் தாண்டலாம்). ஒரே ஒரு கையெழுத்தை நான்கு நிர்வாகங்கள் சுமந்தன.

பார்க்க வேண்டியது இதைத்தான்: குறைந்தது மூன்று சீசன்களின் ஷாட் எண்ணிக்கை, அதில் கோலான சதவீதம், யாரோடு ஆடினார், பவர்ப்ளேயில் (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) எத்தனை நிமிஷம். ஷாட் கூடாமல் சதவீதம் மட்டும் எகிறியிருந்தால் அடுத்த வருஷம் இறங்கும். பிறகு ஆண்டுத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் வருஷங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஜிஎம்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலத்தை நீட்டி ஆண்டுத் தொகையைக் குறைத்தால் இந்த வருஷக் கணக்கு அழகாகத் தெரியும், ஆறாவது வருஷம் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷ வலிக்கு ஆறு வருஷ மருந்து

2021 ஜூலையில் வான்கூவர் கனக்ஸ் ஜிஎம் ஜிம் பென்னிங்கிடம் மூன்று கனமான ஒப்பந்தங்கள் இருந்தன: லூயி எரிக்சன் 60 லட்சம், ஜே பீகிள் 30 லட்சம், அன்ட்வான் ரூசல் 30 லட்சம். மொத்தம் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர். ஆனால் மூன்றுக்கும் ஒரே ஒரு வருஷம்தான் பாக்கி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த கோடையில் தானாகக் கரைந்திருக்கும்.

பென்னிங் காத்திருக்கவில்லை. மூவரையும், அவர்களோடு 9ஆவது டிராஃப்ட் தேர்வையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, டிஃபென்ஸ்மேன் ஆலிவர் எக்மன்-லார்சனையும் ஃபார்வர்ட் கானர் கார்லண்டையும் வாங்கினார். கார்லண்ட் நல்ல வீரர், அதில் சண்டையில்லை. எக்மன்-லார்சனுக்கு முப்பது வயது. ஒப்பந்தத்தில் இன்னும் 6 வருஷம், அரிசோனா சுமந்த பங்கு போக வான்கூவர் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 72.6 லட்சம் டாலர். அந்த 9ஆவது தேர்வில் அரிசோனா எடுத்தது டிலன் கன்தரை.

அடுத்த டிசம்பர் 5ஆம் தேதி பென்னிங் வேலை போனது. 2023 ஜூனில் புதிய நிர்வாகம் எக்மன்-லார்சனை பைஅவுட் செய்தது. அதன் தழும்பு 2030-31 வரை கனக்ஸ் கணக்கில் இருக்கும். 2025-26லும் 2026-27லும் ஆண்டுக்கு 47 லட்சம் டாலருக்கு மேல், அணியில் இல்லாத ஒருவருக்காக.

இப்படி ஒரு பேரம் மேஜைக்கு வரும்போது முதலில் போட வேண்டிய கணக்கு சுலபமானது: வெளியே போகும் தொகையை அதன் மீதி வருஷங்களால் பெருக்கு, உள்ளே வருவதையும் அப்படியே பெருக்கு, இரண்டையும் பக்கத்தில் வை. இங்கே 1.2 கோடிக்கு எதிரே 4.3 கோடிக்கு மேல். அதோடு வேறு மலிவான வழிகளையும் பார்க்க வேண்டும். ஒருவரைத் துணை லீகான ஏஹெச்எல்லுக்கு அனுப்பினால் குறைந்தபட்சச் சம்பளமும் 3.75 லட்சம் டாலரும் சேர்ந்த தொகை வரம்பிலிருந்து கழிகிறது, 2025-26 கணக்கில் 11.5 லட்சம். பெரிய நிவாரணம் இல்லைதான். ஆனால் அதற்கு விலையாக டிராஃப்ட் தேர்வு எதையும் கொடுக்க வேண்டாம்.

பைஅவுட்டும், ஓட்டைகளை நம்பிக் கட்டிய வீடும்

பைஅவுட் விதி இதுதான்: வீரருக்கு 26 வயது ஆகியிருந்தால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்குக் கீழ் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதை மீதி வருஷங்களின் இரண்டு மடங்கு காலத்துக்குப் பரப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 60 லட்சம் வீதம் 3 வருஷம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம், போனஸ் ஏதுமில்லை. 1.8 கோடியில் மூன்றில் இரண்டு 1.2 கோடி. அது 6 வருஷத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம். முதல் மூன்று வருஷம் 40 லட்சம் மிச்சம், அடுத்த மூன்று வருஷம் 20 லட்சம் செத்த பணம். மிச்சமாகும் 40 லட்சத்தில் யாரை வாங்கப் போகிறோம் என்று பெயர் சொல்ல முடியாத ஜிஎம் பைஅவுட் பக்கமே போகக் கூடாது.

சம்பளம் வருஷத்துக்கு வருஷம் மாறும் ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கு கொடூரமாகிவிடும். 2012 ஜூலை 4ஆம் தேதி மினசோட்டா வைல்ட் ஒரே நாளில் சாக் பரீஸே, ரையன் சூட்டர் இருவருக்கும் தலா 13 வருஷம், 9.8 கோடி டாலர் என்று அச்சு அசலான இரண்டு ஒப்பந்தங்களைப் போட்டது. கடைசி வருஷங்களில் சம்பளத்தைக் குறைவாக எழுதி, சராசரியை இழுத்துப் பிடிப்பது அந்தக் காலத்துத் தந்திரம். 2021ல் ஜிஎம் பில் கெரின் இருவரையும் பைஅவுட் செய்தார். 2023-24லும் 2024-25லும் அந்த இரண்டு பேருக்காக மட்டும் ஆண்டுக்கு சுமார் 1.47 கோடி டாலர் கணக்கில் உட்கார்ந்தது. 8.35 கோடி வரம்பில் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

கெரினைக் குறை சொல்வது நியாயமில்லை. சியாட்டில் அணிக்கான விரிவாக்க டிராஃப்ட் அப்போது வந்துகொண்டிருந்தது, இருவருக்கும் நகர்த்தத் தடை இருந்ததால் இரண்டு பாதுகாப்பு இடங்கள் வீணாகியிருக்கும். இன்னொன்று, இருவரும் ஒப்பந்தம் முடியும் முன் ஓய்வு பெற்றால் வேறொரு தண்டனை காத்திருந்தது. நீள ஒப்பந்தங்களில் முன்கூட்டி எடுத்துக்கொண்ட லாபத்தைப் பின்னால் வசூலிக்கும் விதி 2013ல் வந்து, பழைய ஒப்பந்தங்களையும் பிடித்தது. வான்கூவர் 2009ல் கோலி (கோல்கீப்பர்) ராபர்ட்டோ லுவாங்கோவுக்கு 12 வருஷம் எழுதியது, 2014ல் அவரை ஃபுளோரிடாவுக்கு அனுப்பியும்விட்டது. 2019ல் ஃபுளோரிடாவில் இருந்தபடி அவர் ஓய்வு பெற்றபோது, வான்கூவர் கணக்கில் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது.

2010ல் நியூ ஜெர்சி இல்யா கோவல்சுக்குக்கு எழுதிய 17 வருஷ, 10.2 கோடி ஒப்பந்தத்தை லீக் நேரடியாகவே நிராகரித்தது. 2020-21ல் டாம்பா பே நிகிதா குச்செரோவைச் சீசன் முழுக்கக் காயப் பட்டியலில் வைத்து, பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் இறக்கிக் கோப்பையும் வென்றது. பிளேஆஃபுக்கு அப்போது சம்பள வரம்பு கிடையாது, ஆகவே விதிமீறல் இல்லை. 2025-26 முதல் பிளேஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது. இன்றைக்கு இருக்கும் ஓட்டை நாளைக்கும் இருக்கும் என்று கணக்குப் போட்டு நீளமான எதையும் எழுத வேண்டாம்.

டாலரைப் பார்ப்பது, சதவீதத்தைப் பார்க்காமல்

2018, 2019 இரண்டு ஆண்டுகளில் டொரான்டோ ஜிஎம் கைல் டூபஸ் டவாரஸ், மேத்யூஸ், மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் எழுதிய தொகை மொத்தம் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல். வரம்பு வருஷாவருஷம் ஏறும் என்ற நம்பிக்கையில் எழுதியது. பிறகு கொரோனா வந்தது. 2019-20, 2020-21, 2021-22 மூன்று சீசனும் வரம்பு 8.15 கோடியிலேயே நின்றது, அதன்பின்னும் இரண்டு வருஷம் பத்துப் பத்து லட்சமாகத்தான் நகர்ந்தது. பாதிப் பணம் நான்கு பேருக்கு, மீதிப் பாதியில் பத்தொன்பது பேர். டூபஸ் முட்டாள்தனம் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் வளர்ச்சி நின்றால் என்ன செய்வது என்பதற்கு இடம் விடாமல் எழுதினார். 2023ல் அந்த அணி 2004க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது. அதே ஆண்டு மே மாதம் டூபஸ் வெளியேற்றப்பட்டார்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. 2026-27க்கு 10.4 கோடி, 2027-28க்கு 11.35 கோடி என்று லீக் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. இந்த நிலையில் நேர் எதிரான தவறு சுலபம்: பழைய டாலர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசி, நல்ல வீரரை இழப்பது. மினசோட்டா 2025 செப்டம்பரில் கிரில் கப்ரிசோவுக்கு 8 வருஷம், ஆண்டுக்கு 1.7 கோடி எழுதியபோது பலர் வாயைப் பிளந்தார்கள். அது தொடங்கும் வருஷத்தின் வரம்பில் 16.3 சதவீதம். உயர்ந்த விலைதான், ஆனால் 2018ல் டவாரஸ் கையெழுத்திட்ட 1.1 கோடியும் அன்றைய வரம்பில் கிட்டத்தட்ட 14 சதவீதம். ஒப்பிடும்போது சதவீதத்தோடு சதவீதத்தை வையுங்கள்.

சொந்தப் பிள்ளைகளைக் கடைசியில் கவனிப்பது

எட்மன்டன் ஆய்லர்ஸ் 2024 ஜூனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. ஜூலை 1ஆம் தேதி வெளியிலிருந்து ஆட்களைப் பிடித்து வரம்பை நிரப்பியது. இளம் வீரர்கள் ஃபிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும் ஒப்பந்தம் போடவில்லை, அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற நினைப்பு. அந்த வாரங்களில் நிரந்தர ஜிஎம்மும் இல்லை. ஸ்டேன் போமன் வந்தது ஜூலை கடைசியில்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆஃபர் ஷீட் (இன்னொரு அணியின் இளம் வீரருக்கு நேரடியாகக் கொடுக்கும் ஒப்பந்தம்) நீட்டியது: ப்ரோபெர்க்குக்கு ஆண்டுக்கு 45.8 லட்சம், ஹாலோவேக்கு 22.9 லட்சம். இழப்பீட்டு அட்டவணையில் அந்தந்த அடுக்கின் உச்சி வரம்பில் துல்லியமாக நிறுத்தப்பட்ட எண்கள். பழைய அணி ஏழு நாளைக்குள் அதே தொகையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீரர் போய்விடுவார். எட்மன்டனிடம் இடமில்லை. முதல் சுற்றில் எடுத்து வளர்த்த இரண்டு பேருக்குக் கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு.

முன்னெச்சரிக்கைக்கு ஒரு அடையாளம் சொல்லலாம். இழப்பீடு கொடுக்கும் அணி தன் சொந்தத் தேர்வைத்தான் கொடுக்க முடியும். ப்ளூஸ் அதற்குச் சற்று முன்னால், கைவிட்டுப் போயிருந்த தன் இரண்டாம் சுற்றுத் தேர்வை பிட்ஸ்பர்கிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தது. ஆகஸ்டில் ஒருவர் காரணமில்லாமல் தன் பழைய தேர்வைத் தேடி வாங்கினால், உங்கள் வீட்டுக் கதவைச் சரிபாருங்கள்.

காலக்கெடு நாள் பரபரப்பு

அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ள, அதாவது ட்ரேட் செய்ய, சீசனுக்குள் ஒரு கடைசி நாள் உண்டு. 2013 ஏப்ரலில் வாஷிங்டன் ஜிஎம் ஜார்ஜ் மெக்ஃபீ, முந்தைய வருஷம் 11ஆவதாக எடுத்த ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்கை நாஷ்விலுக்குக் கொடுத்து, முப்பது தாண்டிய மார்ட்டின் எராட்டையும் இன்னொருவரையும் வாங்கினார். எராட் ஒரு வருஷம்கூட அங்கே நிலைக்கவில்லை. ஃபோர்ஸ்பெர்க் நாஷ்வில் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவரானார். பிளேஆஃபில் நுழைய ஒரு கை தேவைப்படும்போது, மைதானத்தில் இன்னும் இறங்காத பையனின் மதிப்பு மனதில் குறைந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கம் டாம்பாவைப் பாருங்கள். 2018-19ல் 62 வெற்றி, அதன்பின் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் 4-0. ஊரே கோச் ஜான் கூப்பரின் தலையைக் கேட்டது. ஜிஎம் ஜூலியன் ப்ரீஸ்ப்வா அவரை வைத்துக்கொண்டார். 2020 காலக்கெடுவில் ப்ளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இரண்டு கடின உழைப்பாளிகளுக்காக முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவழித்தார். பலருக்கு விலை அதிகமாகத் தெரிந்தது. ஆனால் இருவர் ஒப்பந்தத்திலும் இன்னொரு வருஷம் மலிவு விலையில் இருந்தது, கோல்மனுக்கு 18 லட்சம், குட்ரோவுக்கு 9.25 லட்சம். இரண்டு மாத வாடகைக்கு வாங்கவில்லை, இரண்டு பிளேஆஃபுக்கு வாங்கினார். 2020, 2021 இரண்டு கோப்பையும் வந்தன.

விற்கும் அணியிடம் சம்பளத்தில் 50 சதவீதம் வரை சுமக்கக் கேட்கலாம். ஒரு அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் அப்படிச் சுமக்க முடியாது. ஆகவே பிப்ரவரியிலேயே யாரிடம் இடம் மிச்சமிருக்கிறது என்று பட்டியல் வைத்திருப்பவருக்குத்தான் கடைசி நாளில் மலிவு கிடைக்கும்.

காகிதம்

இது சலிப்பான பகுதி. வேலை போவது பெரும்பாலும் இங்கேதான்.

எவ்கெனி டாடோனோவுக்கு பத்து அணிகள் கொண்ட "இங்கே அனுப்பக் கூடாது" பட்டியல் இருந்தது. 2021ல் ஒட்டாவா அவரை வேகஸுக்கு விற்றபோது அந்தத் தகவல் சரியாகக் கைமாறவில்லை. 2022 மார்ச் 21, காலக்கெடு நாளில் வேகஸ் அவரை அனஹைமுக்கு அனுப்பியது. அனஹைம் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு நாளில் ட்ரேட் ரத்து. விசாரணை முடிந்து 2023 நவம்பர் 1ஆம் தேதி, ஒட்டாவா ஒரு முதல் சுற்றுத் தேர்வை இழக்க வேண்டும் என்று லீக் அறிவித்தது. அதே நாள் ஜிஎம் பியர் டோரியன் பதவியிலிருந்து போனார்.

சிகாகோவில் 2009ல் இளம் வீரர்களுக்கான தகுதி ஒப்பந்த அழைப்புகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. உரிமையே போய்விடும் நிலை. சமாதானமாக அதிகச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் டேல் டாலன் நாற்காலி இழந்தார். அவர் கட்டிய அணி அடுத்த வருஷம் கோப்பையைத் தூக்கியது.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரே தாளில் எழுதி வைக்க வேண்டியவை: ட்ரேடுக்கு மட்டும் தடையா, அல்லது வேறு லீகுக்கு அனுப்பவும் வேய்வர்ஸில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விடும் பட்டியலில்) விடவும் சேர்த்துத் தடையா, பட்டியல் என்றால் எந்தத் தேதிக்குள் வீரர் கொடுக்க வேண்டும், கொடுத்தாரா, யார் வாங்கினார், தடை எந்த ஜூலை 1ஆம் தேதி உயிர்பெறுகிறது. ட்ரேட் பேசும் முன் வீரரின் ஏஜென்டிடமே பட்டியலைக் கேட்டு ஒப்பிட வேண்டும். காலக்கெடு மதியம் 3 மணி என்றால் 2:40க்கு இதைத் தேடக் கூடாது. டிசம்பர் 1ஆம் தேதி மாலை 5 மணியும் அப்படித்தான்: அதற்குள் கையெழுத்திடாத இளம் வீரர் அந்த சீசன் ஆட முடியாது. 2018ல் நைலாண்டர் கையெழுத்திட்டது அந்தக் கெடுவுக்குச் சில நிமிஷங்கள் முன்னால்.

அதிர்ஷ்டத்தைத் திறமை என்று படிப்பது

கொலராடோ 2013-14ல் 112 புள்ளிகள் எடுத்தது. எதிரணியைவிடக் குறைவாக ஷாட் அடித்தே எடுத்தது. கோலி அசாத்தியமாக ஆடினார், அடித்ததெல்லாம் உள்ளே போயிற்று. அடுத்த வருஷம் 90 புள்ளிகள், பிளேஆஃபுக்கு வெளியே. அணியின் ஷூட்டிங் சதவீதத்தையும் கோலியின் தடுப்புச் சதவீதத்தையும் கூட்டினால் நீண்டகாலத்தில் 100ஐச் சுற்றியே நிற்கும். அது 102 பக்கம் போயிருக்கும் கோடையில் ஜிஎம் யாருக்கும் நீள ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது. 98க்கு வந்திருக்கும் மாதத்தில் கோச்சைத் துரத்தக் கூடாது.

கோச்சை மாற்றினால் கோப்பை வரும் என்பதற்கு எல்லோரும் 2019 ப்ளூஸைச் சொல்வார்கள். 2018 நவம்பரில் மைக் யோவை அனுப்பி கிரெய்க் பெருபேயைக் கொண்டுவந்தார்கள், ஜூனில் கோப்பை. நடுவில் ஒன்று விட்டுப்போகிறது: கோச் மாறி ஆறு வாரம் கழித்தும், ஜனவரி 3ஆம் தேதி அந்த அணி லீகிலேயே கடைசி. திரும்பியது ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோலி வந்தபின். ஜிஎம் டக் ஆர்ம்ஸ்ட்ராங் செய்த பெரிய காரியம் அந்த ஜனவரியில் அணியை உடைத்து விற்காமல் இருந்தது.

கோலிகள் விஷயத்தில் குறுகிய சான்றை நம்புவது இன்னும் ஆபத்து. எட்மன்டனில் பீட்டர் சியரெல்லி 2019 ஜனவரியில், அந்த சீசனில் முப்பது ஆட்டம்கூட முடிக்காத மிக்கோ கோஸ்கினனுக்கு 3 வருஷம், 1.35 கோடி டாலர் எழுதினார். அந்த வாரம் முடிவதற்குள் வேலை போயிற்று. ஒப்பந்தம் 2022 வரை இருந்தது.

வெற்றி வரை தள்ளிப்போடலாம் என்று நினைப்பது

2010 மே மாதம், பிளேஆஃப் நடந்துகொண்டிருக்கும்போது, சிகாகோ நிர்வாகிகளிடம் ஒரு பயிற்சி ஊழியர் மீது இளம் வீரர் ஒருவரின் பாலியல் அத்துமீறல் புகார் வந்தது. கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோப்பை முடியும்வரை எதுவும் செய்யவில்லை. 2021 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கைக்குப் பின் ஜிஎம் ஸ்டேன் போமன் ராஜினாமா செய்தார், அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம், அவரும் அன்றைய கோச்சும் 2024 ஜூலை வரை லீகில் வேலை பார்க்க முடியவில்லை. இதில் தந்திரமோ கணக்கோ எதுவும் இல்லை. புகார் வந்த அன்றே அணிக்கு வெளியே உள்ளவரிடம் விசாரணையை ஒப்படைத்து, சம்பந்தப்பட்டவரை வீரர்களிடமிருந்து விலக்க வேண்டும். ஆட்ட அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமே இல்லை.

ட்ரேடை ஒரு வருஷத்தில் எடைபோடுவது

2018 ஜூலை 1ஆம் தேதி பஃபலோ ஜிஎம் ஜேசன் பாட்டரில், 75 லட்சம் டாலர் போனஸ் கொடுக்க வேண்டிய அதே நாளில் ரையன் ஓ'ரைலியைச் செயின்ட் லூயிஸுக்கு விற்றார். பதினொரு மாதத்தில் ஓ'ரைலி கோப்பையும், பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். பாட்டரில் பெயர் கேலிப் பொருளாயிற்று, 2020 ஜூனில் வேலையும் போனது. அந்த ட்ரேடில் பஃபலோவுக்கு வந்தவர்களில் டேஜ் தாம்ப்சன் என்ற உயரமான பையன் இருந்தான். 2021-22ல் 38 கோல், 2022-23ல் 47 கோல்.

ட்ரேட் சரியா தவறா என்பது இன்னும் வாதத்துக்குரியதுதான். பஃபலோ 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் தொடர்ச்சியாக பிளேஆஃப் பார்க்கவில்லை, தாம்ப்சன் ஒருவரால் அது மாறவும் இல்லை. ஆனால் ஒரு பேரத்தை மூன்று நான்கு சீசனுக்கு முன் எடைபோட முடியாது என்றால், முதலாளியோடு முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்த அணி எந்த வருஷம் போட்டிக்குத் தயாராகும், அதுவரை எத்தனை தோல்வி பொறுத்துக்கொள்ளப்படும், எந்த இளம் வீரர்கள் விற்பனைக்கு இல்லை. பேரம் நடந்த அன்றே அதன் காரணத்தையும் அரைப் பக்கத்தில் எழுதித் தேதி போட்டு வைத்தால், பின்னால் நாற்காலியில் உட்காருபவருக்காவது உதவும். பாட்டரில் இப்போது சியாட்டிலில் ஜிஎம், 2025 ஏப்ரலிலிருந்து.